காகம் எடுக்காத சோறு

குச்சனூர் ஆற்றங்கரையில் அப்பாவின் பதினாறாம் நாளுக்குச் சோறு வைத்து ஒரு மணி நேரமாகியும் ஒரு காகம்கூட இலைப்பக்கம் வரவில்லை.

ஒன்பது வருடமாகப் பேசாத அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி நின்றார்கள்.

“நீங்க இப்படி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னா அப்பா எப்படிச் சாப்பிடுவாக?” என்றாள், பின்னால் நின்ற தங்கை பாண்டீஸ்வரி.

அண்ணன் சுருளியாண்டி தம்பி பக்கம் திரும்பினான். “ஏலே, உன் கல்யாணத்துக்கு வராதது என் தப்புத்தான்.”

“தாலி கட்டுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேண்ணே!” என்று உடைந்து அழுதான் ஈஸ்வரபாண்டி.

இருவரும் கட்டிக்கொண்டார்கள். மறுநிமிடமே இலையைக் காகங்கள் மொய்த்தன.

“அப்பாவுக்கு மனசு குளுந்துருச்சு, பாத்தியா!” என்று தங்கையிடம் சொன்னான் சுருளியாண்டி.

“ஆமாண்ணே” என்ற பாண்டீஸ்வரி, ஒரு மணி நேரமாகக் காகம் விரட்டியதில் மிஞ்சிய கூழாங்கற்களை முந்தானையிலிருந்து ஓசைப்படாமல் மணலில் உதிர்த்தாள்.