கொன்ஸ்ரன்ஸின் இருமல்

கொன்ஸ்ரன்ஸ் நாற்காலியில் உட்கார்ந்ததுமே இருமத் தொடங்கினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் நீர் வரும்வரை இருமினாள்.

"அன்ரிபயோட்டிக் குளிசை எழுதித் தாங்கோ, டொக்டர். சும்மா சளி மருந்துக்கு இது அடங்காது."

இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கென்றே நிஷாந்தி அந்தச் சின்ன மெஷினைத் தன் கொட்டாஞ்சேனை டிஸ்பென்சரியில் வாங்கி வைத்திருந்தாள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும். நெஞ்சில் பக்டீரியாக் கிருமி வலுவாகப் பிடித்திருந்தால் எண் ஏறும். வெறும் தடிமன், சளி என்றால் ஏறாது. வாயால் சொல்லி நம்பாதவர்கள்கூட எண்ணைக் கண்டதும் சமாதானமாகிப் போவார்கள். சிலர் மட்டும் கோபித்துக்கொண்டு போவார்கள்.

கொன்ஸ்ரன்ஸ் விரலில் பஞ்சை அழுத்தியபடி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண் ஏறவில்லை.

"நல்ல விஷயம், அக்கா. குளிசை தேவையில்லை. சுடுதண்ணி குடிச்சு ரெஸ்ற் எடுங்கோ, தானா மாறும்."

கொன்ஸ்ரன்ஸின் முகம் விழுந்துவிட்டது.

தேவையில்லாமல் விழுங்கினால் தேவைப்படுகிற நாளில் மருந்து வேலை செய்யாது என்று நிஷாந்தி வழக்கம்போல் விளக்கினாள். கொன்ஸ்ரன்ஸ் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, மெல்லக் கேட்டாள்.

"இந்த மெஷினை ஒருக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் வரலாமோ?"

நிஷாந்திக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. இரத்தம் எடுத்ததிலிருந்து இவள் ஒருதரம்கூட இருமவில்லை.

"வீட்டில ஆருக்கு?"

புருஷன் கிளெமென்றுக்கு. துறைமுகத்தில் வேலை செய்கையில் விழுந்து, இடுப்புக்குக் கீழ் விளங்காமல் போனவர். தொடர்மாடியின் உச்சியில் வீடு. லிஃப்ற் பழுதாகி மாதக்கணக்காகிறது. காய்ச்சலில் துவண்டு கிடக்கிறவரை யார் தூக்கி இறக்குவது? அதனால் அவருடைய இருமலைத் தன் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு அவள் வந்திருந்தாள்.

நிஷாந்தி மெஷினைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினாள்.

படி ஏறி முடிந்தபோது அவளுக்கே மூச்சு வாங்கியது. கிளெமென்றின் நெஞ்சில் குழாயை வைத்ததுமே சரசரப்புக் கேட்டது. மெஷின் காட்டிய எண்ணும் பெரியது. கையோடு கொண்டுவந்த குளிசையில் முதலாவதைத் தானே விழுங்கக் கொடுத்தாள். நாளைக்கும் வந்து பார்ப்பதாகச் சொன்னாள். கொன்ஸ்ரன்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், விடுவதற்கு நேரமெடுத்தது.

இறங்கும்போது, இரண்டு மாடி கீழே ஒரு கதவு திறந்திருந்தது.

வாசலில் சீனியம்மா நின்றாள். போன கிழமை, இருமல் என்று வந்து, எண் ஏறவில்லை, குளிசை தேவையில்லை என்று நிஷாந்தி சொன்னதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு டிஸ்பென்சரியை விட்டுப் போனவள்.

அவளுக்குப் பின்னால், உள்ளே, யாரோ இருமினார்கள்.