ஒருத்தி பாக்கி

"சார், பள்ளிப்படிப்பு முடிச்சவங்க விகிதத்துல, மாலை வகுப்புப் பிரிவுல நாமதான் முதல் மாவட்டமா வரணும். ஒரே ஒருத்தி கணக்குல கோட்டை விட்டுட்டா" என்றார் புள்ளிவிவர உதவியாளர்.

கல்வி அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு?"

"ஊரை விட்டுப் போயிட்டதா எழுதிப் பேரை எடுத்துடலாம் சார். நூத்துக்கு நூறு ஆயிடும்."

"அவ எங்கயும் போகலையே. மறுபடி எழுதுவா."

"அதுக்குள்ள பக்கத்து மாவட்டம் முந்திக்கும் சார். மேலிடத்துல உங்களைத்தான் பிடிச்சு உலுக்குவாங்க."

"உலுக்கட்டும். மத்த பாடமெல்லாம் பாஸ் பண்ணிட்டு நிக்கிறவளை எப்படிய்யா இல்லாம ஆக்குறது? ரெண்டாவது இடம்னே அனுப்புங்க."

உதவியாளர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மாலையில் அதிகாரி வீட்டுக்கு வந்தபோது, மனைவி புத்தகங்களையெல்லாம் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"போதுங்க. பேரன் எடுக்குற வயசுல எனக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? என்னால உங்க ஆபீசுக்கும் கெட்ட பேரு. என் பேரை எடுத்துடச் சொல்லுங்க."

"எடுக்கக் கூடாதுன்னு இன்னைக்குத்தான் சண்டை போட்டுட்டு வந்தேன். இறங்கு கீழே. திரும்ப எழுதுறே."

அவள் கணக்குப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"சரி, எழுதுறேன். ஆனா இந்தத் தடவை டியூஷனுக்குப் போறேன்."

"ஏன், நான் இல்லையா?"

"மத்த பாடமெல்லாம் நானே படிச்சேன், பாஸ் பண்ணேன். நீங்க சொல்லிக்கொடுத்தது கணக்கு ஒண்ணுதாங்க!"