சுருக்குக் கம்பி

ஏழாவது வளைவில் கெத்திவே இரண்டு பிரேக்கையும் ஒருசேரப் பிடித்தாள். பின்சக்கரம் சரளையில் வழுக்கிக்கொண்டு போய், பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பாதையை அடைத்துக்கொண்டு குரங்குக் கூட்டம். நாய்முகக் குரங்குகள். முப்பதுக்குக் குறையாது.

சைக்கிள் சத்தம் கேட்டாலே சரணாலய வேலியைத் தாண்டிப் பாறைமேல் ஏறிவிடுகிறவை. இன்று ஒன்றுகூட நகரவில்லை.

நடுவில் ஒரு குட்டி கிடந்து துடித்தது. அதன் இடுப்பைக் கம்பிச் சுருக்கு ஒன்று பிடித்திருந்தது. தாய் கம்பியைக் கடித்து இழுத்தது. இழுக்க இழுக்கச் சுருக்கு இன்னும் இறுகியது.

"அக்கா, அசையாதீங்க."

பின்னால் வந்து நின்ற பெக்கானியின் குரல் அது. அவள் தங்கை நோம்புசோவின் கணவன். அவளும் அவனும்தான் இந்த மலைப்பாதையைப் பராமரிப்பவர்கள். இன்று சைக்கிள் பந்தயம். வீரர்கள் புறப்படுவதற்கு முன்னால் கடைசி முறையாக ஓட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டியது அவர்கள் வேலை.

கெத்திவே வாக்கி-டாக்கியை மெதுவாக வாயருகே கொண்டுபோனாள். சரணாலயக் காவலர் மசிபுகோவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"பந்தயத்தை நிறுத்தி வைக்கச் சொல்றேன். டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆகும். நீங்க ரெண்டு பேரும் பின்னால வந்துடுங்கம்மா. பெரிய ஆண் குரங்கு இருந்தா கிழிச்சிடும்."

இருந்தது. பாதை நடுவே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கொட்டாவி விடுவதுபோல வாயைப் பிளந்து பல்லைக் காட்டியது. ஒவ்வொரு கோரைப்பல்லும் அவள் சுண்டுவிரல் நீளம்.

குட்டியின் கத்தல் முனகலாகிவிட்டிருந்தது.

"ஒரு மணி நேரம் தாங்காது," என்றான் பெக்கானி.

"அதுக்கு நாம என்னடா பண்றது? வா, போயிடலாம்."

சைக்கிள் கீழே சாயும் சத்தம் கேட்டது. அவன் அவளைக் கடந்து போனான். ஒரு கையில் கட்டிங் பிளையர்.

"பெக்கானி!"

அவன் திரும்பவில்லை. நாலடி நடந்து, குந்தி உட்கார்ந்தான். தலையைக் குனிந்தபடி, எந்தக் குரங்கையும் கண்ணுக்குக் கண் பாராமல், உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்தான். வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கைக்குழந்தையைத் தூங்கவைக்கும்போது அவன் அப்படி முணுமுணுப்பதை அவள் கேட்டிருக்கிறாள்.

ஆண் குரங்கு எழுந்து தரையை அறைந்தது. மலை முழுக்கக் குரைப்பொலி எதிரொலித்தது.

அவன் மேற்சட்டையைக் கழற்றிக் குட்டியின் மேல் போட்டான். தாய் பின்வாங்கிப் பாய்வதற்குப் பதுங்கியது. அதற்குள் ஆண் பாய்ந்துவிட்டது.

அவன் தோளில் பல் இறங்கியது. கெத்திவே தொண்டை கிழியக் கத்தினாள். கையில் அகப்பட்ட கல்லை எடுத்தாள். எறிந்தால் முப்பதும் சேர்ந்து அவன்மேல் பாயும். எறியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெக்கானி கையை உதறவில்லை, ஓடவில்லை. இரண்டு விரலைச் சுருக்குக்குள் நுழைத்து, பிளையரை வைத்து அழுத்தினான்.

டக்.

தாய் குட்டியைச் சட்டையோடு அள்ளிக்கொண்டு வேலிக்கு அந்தப்பக்கம் தாவியது. மொத்தக் கூட்டமும் பின்னால் போனது. ஆண் மட்டும் அவன் தோளை விட்டுவிட்டு, வேலிக்கம்பத்தில் ஏறி நின்று ஒருமுறை குரைத்துவிட்டுப் போனது.

அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் தோளில் வைத்து அழுத்தினாள்.

"பைத்தியமாடா உனக்கு? உனக்கு ஏதாவது ஆனா நோம்புசோ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

திட்டத் திட்ட அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது. பந்தயத்துக்கு வந்திருக்கும் இருநூறு பேர் முன்னால் இவனை நிறுத்தி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

"இன்னும் ரெண்டு இருக்குக்கா," என்றான்.

"எங்க கடிச்சிருக்கு? காட்டு."

அவன் காட்டவில்லை. அவள் கையை விலக்கிவிட்டு எழுந்து வேலியோரமாக நடந்தான். பதினைந்து அடி தள்ளி நின்றான். தேடவில்லை. குனிந்து, புல்லுக்குள் நேராகக் கையை விட்டான்.

டக்.

பாதையைக் குறுக்காகக் கடந்து புதருக்கு அடியில் கையை விட்டான்.

டக்.

கெத்திவே நின்ற இடத்திலேயே நின்றாள். ஆறு மாதமாக, மேல்பாதையை நான் பார்த்துக்கிறேன், நீங்க ஏறி வர வேணாங்க்கா என்று அவன் சொல்லிவந்ததைத் தன்மேல் உள்ள அக்கறை என்றுதான் நினைத்திருந்தாள். வீட்டில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

"மான் வரும்னுதான் வச்சேன்," என்றான், தரையைப் பார்த்தபடி. "நேத்து சாயங்காலமே எடுத்திருக்கணும். மழை வந்துடுச்சு."

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"கெத்திவே? என்னம்மா ஆச்சு? குட்டி பிழைச்சுதா? கம்பி யார் வச்சதுன்னு ஏதாவது தெரியுதா?"

வேட்டைக்காரர்களை உள்ளே விடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துத்தான் சரணாலயத்தை ஒட்டிப் பாதை போட ஊரார் அனுமதி வாங்கியிருந்தார்கள். எழுதிய தாளில் அவள் கையெழுத்தும் இருந்தது. இந்தப் பாதையை நம்பி ஊரில் இருபத்திரண்டு வீடு.

அவள் பொத்தானை அழுத்தினாள். விட்டாள்.

பெக்கானி மூன்று கம்பிகளையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"கெத்திவே, கேக்குதா?"

அவள் நடந்துபோய், வாக்கி-டாக்கியை அவனிடம் நீட்டினாள்.

அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

"ஐயா," என்றான், "நான் பெக்கானி பேசுறேன்."