வழுக்காத மைதானம்

"வழுக்கி விழுந்தீங்க. அப்படித்தானே, முனாப் நானா?"

சங்கச் செயலாளர் ராஜலிங்கம் கேட்கவில்லை, சொல்லிக்கொடுத்தார். ஞாயிறு காலை, ஒரு பேக்கரியின் மாடியில் உதைபந்தாட்டச் சங்கத்தின் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

ரெஃப்ரி முனாப்பின் இடது கன்னத்தில் சதுரமாக ஒரு காயம், அதன் நடுவில் சின்னதாக ஒரு பிறை. முத்திரை குத்திய தபால் போல உட்கார்ந்திருந்தார்.

முந்தின நாள் போகம்பறை மைதானத்தில் நடந்த ஆட்டத்தில், ஊரின் முன்னணி ஆட்டக்காரன் பாயிஸ் பந்தைக் கையால் தட்டினான். முனாப் விசில் ஊதிப் பெனால்டி கொடுத்தார். பாயிஸ் ஓடிவந்து புறங்கையால் ஓங்கி அறைந்தான். ஊரே பார்த்தது. இருட்டுவதற்குள் ஊரில் ஒருவர்கூட அதைப் பார்த்திருக்கவில்லை.

சங்கத்துக்கு இது புதிதல்ல. போன வருடம் ஒரு ரெஃப்ரியைக் குளக்கரை வரைக்கும் துரத்தினார்கள். அவர் நன்றாக ஓடினார் என்று சங்கம் பாராட்டுத் தீர்மானம் போட்டது.

"மழை பேஞ்சி ஒரு மாசமாவுது, தம்பி," என்றார் முனாப். "ஆடின அத்தன பேரும் வெறுங்காலு. ஆணி பூட்ஸ் போட்டீந்தது நான் ஒருத்தன்தான். நான் மட்டுமா வழுக்குவன்?"

"அதுதான் பூட்ஸில உள்ள கெடுதி," என்றார் தலைவர் ஹாஷிம் ஹாஜியார். வரும் சனிக்கிழமை தேயிலைத் தோட்டத் துரைமார் அணியோடு கோப்பை ஆட்டம். துரைமாரைத் தோற்கடிக்க ஊரிடம் இருந்த ஒரே கால் பாயிஸின் கால். அந்தக் காலுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் கடைக்காரர்களில் ஹாஜியார் முதல் ஆள்.

"அடிச்சான்டு நான் சொன்னா?"

"சட்டப்படி ஒரு வருஷம் ஆடேலாது. சம்பளமும் நின்டு போகும்." ஹாஜியார் பனிஸைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்தார். "அவன் என்ன அசலா? ஒங்கட மருமகன். மருமகன் மாமாவத் தட்டினா அது குடும்ப விசயம். அதுக்குள்ள சங்கம் தலையப் போடலாமா?"

"கிரவுண்டில நான் மாமா இல்ல, ஹாஜியார். ரெஃப்ரி."

"விசில் வாயில ஈக்கும் வரைக்கும் ரெஃப்ரி. அடி விழுந்த நேரம் விசில் கீழ விழுந்திட்டே."

ராஜலிங்கம் தொண்டையைச் செருமினார். "இன்னொன்னும் இருக்கு நானா. அடின்னு எழுதினா அவன் போட்டிருந்த மோதிரத்தையும் எழுதணும். மோதிரத்தோட ஆட விடக்கூடாதுன்னு சட்டம். கழட்டச் சொல்லாதது யாரு பிழை? ரெஃப்ரி பிழை. அதுக்குத் தண்டனை உங்களுக்குத்தான் வரும்."

முனாப் தலையைக் குனிந்துகொண்டார். சதுர முகப்பில் பிறை வெட்டிய அந்த வெள்ளி மோதிரத்தைச் செய்வித்து, கலியாணத்தன்று மாப்பிள்ளையின் விரலில் போட்டவரே அவர்தான். அதைக் கழட்டச் சொல்வது கலியாணத்தையே கழட்டச் சொல்வது போலிருந்தது.

"றம்லத்தக் கொஞ்சம் நினைங்க," ஹாஜியாரின் குரல் இறங்கியது. "புள்ள கிணத்தடியில வழுக்கி விழுந்து, கை முறிஞ்சி, கட்டோட ஈக்கிறா. இந்த நேரத்தில புருசன்ட சம்பளத்தையும் நிப்பாட்டி அந்த ஊட்டுக்குள்ள நெருப்பு வைக்கப் போறீங்களா? பாயிஸ் கோவக்காரன்தான். ஆனா ஒங்கட மகள்ட வாயிலருந்து ஒரு முறப்பாடு வந்தீக்கா?"

வந்ததில்லை. கலியாணமாகி இரண்டு வருடத்தில் அவள் ஒரு குறை சொன்னதில்லை. வாரமெல்லாம் ஜவுளிக்கடையில் துணி அளந்து, சனிக்கிழமைகளில் ஊராரிடம் ஏச்சு வாங்கும் மனுசனுக்கு அது ஒன்றுதான் நிம்மதி.

முனாப் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"வழுக்கித்தான் விழுந்தன்," என்றார்.

ராஜலிங்கம் மளமளவென்று எழுதினார். வழுக்கலைத் தடுக்க மைதானத்துக்கு மணல் போடுவதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கீழே வீதியில் பாயிஸைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கழுத்தில் மாலை வேறு. முனாப் விசிலை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். அதைத் திருப்பிக் கொடுக்க யாரும் கூப்பிடவில்லை.

மகள் வீட்டுக்குப் போக மடவளை பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் கையை நீட்டினான். "பாத்து வாங்க ரெஃப்ரி மாமா, பலகை வழுக்கும்!" பஸ் முழுக்கச் சிரித்தது.

ஊர்வாய் போய்ச் சேருமுன் தானே மகளிடம் சொல்லிவிட வேண்டும். "கவலைப்படாத, மகள், மாப்பிளைக்குத் தண்டனை ஒண்டும் இல்ல." அதைச் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்று, வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துப் பார்த்தார். கன்னம் இழுத்துப் பிடித்தது.

கதவைத் திறந்தவள் றம்லத்தான். "வாங்க வாப்பா" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முனாப் சிரித்தார்.

அவள் கட்டுப்போடாத கையை நீட்டி, அவர் கன்னத்துச் சதுரத்தைத் தொட்டாள். நடுவில் இருந்த பிறையை விரல் நுனியால் மெல்லத் தடவினாள். பார்க்காமலே தடவினாள், அது எந்தப் பக்கம் வளையும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

முக்காடு தோளுக்கு நழுவியது. காதுக்குக் கீழே, கன்றி மஞ்சளாகிப்போன இன்னொரு சதுரம்.

"வாப்பா," என்றாள், "நீங்களும் வழுக்கியா விழுந்தீங்க?"