குதிரைக்கு வழி

வளைவு வருவதற்குள் வெர்னா மேல்சட்டைப் பைக்குள் கைவிட்டு, பேரீச்சம்பழங்கள் இருக்கின்றனவா என்று இன்னொரு முறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டும் இருந்தன.

முன்னால் அவள் கணவர் ஹாலிஸ் வலது காலைச் சற்றே இழுத்தபடி நடந்துகொண்டிருந்தார். ஜனவரி வெயில் அவர் முதுகில் விழுந்தாலும், வறண்ட ஓடையின் நிழலில் மணல் இன்னும் வெள்ளையாக உறைந்து கிடந்தது.

பின்னால் சைக்கிள் மணி. எஸ்ரா பிரேக் போட்டு, புழுதியோடு ஓரமாக நின்றான்.

"தலைவரே! பாருங்க, நின்னுட்டேன். காலைக்கூட ஊனிட்டேன். இன்னிக்காவது திட்டாம விடுங்க!"

பதினான்கு வருடங்கள் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு இந்தப் பாதையின் வாசலில் தன்னார்வக் காவலராக நின்றவர் ஹாலிஸ். சைக்கிள்காரன் நடப்பவருக்கு ஒதுங்க வேண்டும், இருவரும் குதிரைக்கு ஒதுங்க வேண்டும் என்று ஊருக்கே கத்திச் சொன்னவர்.

இப்போது அவர் உதடு மட்டும் அசைந்தது. கையைத் தூக்கிக் காட்டினார்.

"திட்டெல்லாம் சேத்து வெச்சிருக்காரு. ஒருநாள் வீட்டுக்கு வந்து மொத்தமா வாங்கிக்கோ" என்றாள் வெர்னா.

பக்கவாதம் வந்து பதினோரு வாரம். டாக்டரிடம், மருந்துக் கடையில், போனில் மகளிடம், எல்லா இடத்திலும் அவருக்காக அவளே பேசிக்கொண்டிருந்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் போன வாரம் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தாள். வார்த்தை எங்கும் போய்விடவில்லை, உள்ளேதான் இருக்கிறது. பழகின இடத்தில், பழகின வேலையில், தானாக வந்தாலும் வரும். சீக்கிரம் வந்தால் நல்லது.

வளைவில் குளம்புச் சத்தம் கேட்டது.

ஹாலிஸ் உடனே பாதையை விட்டுச் சரிவுப் பக்கம் இறங்கி நின்றார். மிரண்ட குதிரை மேட்டுப் பக்கம்தான் பாயும். வெர்னாவும் இறங்கினாள், இறங்கும்போதே இரண்டு பழத்தையும் வாயில் போட்டு அடைத்துக்கொண்டாள்.

பழுப்புநிறப் பெண்குதிரை. மேலே ரோஸால்பா, தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு.

குதிரை வந்தால் பேச வேண்டும். என்ன பேசினாலும் சரி, பேசிக்கொண்டே நிற்க வேண்டும். தொப்பியும் முதுகுப் பையுமாகப் பேசாமல் நிற்கிற ஆளை மனிதன் என்று குதிரை எடுத்துக்கொள்ளாது.

யாரும் பேசவில்லை.

குதிரை நின்றது. காதுகள் முன்னால் விறைத்தன. மூச்சு வெண்ணிறமாகச் சீறியது. பின்னங்கால் பக்கவாட்டில் நகர்ந்து, முள்ளுருண்டைக் கள்ளியை நோக்கிப் போனது.

ரோஸால்பா கடிவாளத்தை இறுக்கினாள். அவள் கண்கள் வெர்னாவைக் கேட்டன: போதுமா?

வெர்னா பற்களை இறுகக் கடித்துக்கொண்டாள்.

இன்னும் ஒரு அடி. கள்ளி முள் வாலை உரசியது.

"ம..." என்றது ஒரு குரல். துருப்பிடித்த கீல் மாதிரி.

"மனுஷங்க. மனுஷங்கதான்டி, கண்ணு. பயப்படாத. போ... போ."

காதுகள் தளர்ந்தன. குதிரை தலையை ஒருமுறை உதறிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் அவர்களைக் கடந்து நடந்தது.

ரோஸால்பாவும் அவர்களைத் தெரியாதவள்போலவே போனாள். அடுத்த வீட்டுக்காரி. சற்றுத் தூரம் போனதும் கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று நாளாக இதே நேரத்துக்கு, இதே வளைவுக்கு அவளை வரச் சொன்னது வெர்னாதான். முதல் இரண்டு நாளும் காரியத்தைக் கெடுத்ததும் வெர்னாதான். நாற்பது வருடப் பழக்கம்; குதிரையைக் கண்டதும் ஹாலிஸை முந்திக்கொண்டு அவள் வாய் திறந்துகொண்டது.

ஹாலிஸ் பாதைக்கு ஏறி, அவளுக்குக் கை கொடுத்தார். ஏறியவளின் உப்பிய கன்னங்களைப் பார்த்தார். குதிரை போன திசையைப் பார்த்தார். மறுபடி கன்னங்களை.

"முழுங்கு, வெர்னா" என்றார்.

அதற்கு வெகுநேரம் ஆயிற்று.