வடக்கு வாசல் செருப்பு

"தப்பு பண்ணா ஒத்துக்கணும். அதுவும் இல்லாம இப்படி உட்கார்ந்திருந்தா எப்படிம்மா?"

முதலாளி ஸ்ரீனிவாசராகவன் கேட்டார். தஸ்லிமா பேசவில்லை. பக்கத்திலிருந்த சீனியர் கோவர்தனைத்தான் பார்த்தாள். பெண்ணுக்கு எவ்வளவு அழுத்தம் பாருங்கள்.

புத்தூரில் சின்ன சாப்ட்வேர் கம்பெனி. எக்ஸ்ரே படம் காட்டுகிற சாப்ட்வேருக்கு அவள் ஒரு பிளக்இன், அதாவது கூடச் சேர்த்துக்கொள்ளும் ஒட்டு ப்ரோக்ராம், எழுதியிருந்தாள். ஆபீஸ் லினக்ஸ் கம்ப்யூட்டரில் சமத்தாக ஓடியது. நேற்று கஸ்டமர் ஆஸ்பத்திரியின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டார்கள். படத்தை மூடியதும் மொத்தமும் படுத்துவிட்டது, டாக்டர் எதிரிலேயே. அவள் வேலை நிரந்தரமாகிற வாரம் வேறு.

என்னதான் ஆச்சு என்று கோவர்தனைக் கேட்டார் முதலாளி. கோவர்தன் ஸ்ரீரங்கத்துக்காரன். அழகாகச் சொன்னான்.

"கோயில் வடக்கு வாசல்ல செருப்பை விட்டுட்டு, தெற்கு வாசல்ல டோக்கனை நீட்டினா தருவானா சார்? பிளக்இன் தன்னோட சி லைப்ரரியில மெமரி வாங்குது. மெயின் சாப்ட்வேர் அதைத் தன்னோட லைப்ரரியில திருப்பிக் கொடுக்குது. லினக்ஸ்ல ரெண்டுக்கும் ஒரே லைப்ரரி, தப்பிச்சுது. நம்ம விண்டோஸ் வெர்ஷன்ல தனித்தனி. வாங்கின பிளக்இனே திருப்பிக் கொடுக்கிற மாதிரி ஒரு ஃபங்ஷன் வெச்சிருக்கணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். இவ்வளவு தெரிந்தவன் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்றார் முதலாளி. கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமோ என்று இடித்தாள் அக்கவுண்ட்ஸ் வத்ஸலா.

தஸ்லிமா மறுபடி கோவர்தனைப் பார்த்தாள். அவன் லேப்டாப்பைப் பார்த்தான்.

"சின்னப் பொண்ணு, மன்னிச்சு விட்டுடுங்க சார்" என்று சிபாரிசு வேறு செய்தான். முதலாளி கேட்கவில்லை. தப்பைக்கூடப் பொறுக்கலாம், இந்த அழுத்தம் நமக்கு ஆகாது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முடித்துவிட்டார். பிளக்இன் கோவர்தன் கைக்குப் போனது.

சாயங்காலம் அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தான் கோவர்தன்.

"எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்மா. மனசுல வெச்சுக்காதே."

பாலக்கரை பஸ் வந்தது. அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

"திருப்பிக் கொடுக்கிறதுக்குன்னு நான் எழுதி வெச்சிருந்த அந்த ஃபங்ஷனை, வெட்டி வேலை, எடுத்துடுன்னு சொன்னது நீங்கதாண்ணா. மீட்டிங்குக்கு முன்னாடி, 'நீ வாயைத் திறக்காதே, என் தப்பை நானே சார்கிட்ட சொல்லிக்கிறேன்'னீங்க. அதான் கடைசி வரைக்கும் பேசாம காத்திட்டிருந்தேன்."