கைகாட்டியிடம் நாற்பது மனு

காட்டில் நாலு வழி சேரும் இடத்தில் ஒரு கைகாட்டி நின்றது. நோவு என்று வருகிறவர்களுக்கு மருந்து எங்கே கிடைக்குமென்று வழி காட்டுவது அதன் வேலை.

ஒருநாள் அணில் மூச்சிரைக்க வந்து நின்றது.

"அண்ணே, நாற்பது இலையை நானே கடிச்சுப் பார்த்து, எது எந்த நோவுக்கு ஆகும்னு என் மரத்துல எழுதி வச்சேன். மைனா அதை அப்படியே தன் மரத்துல எழுதிக்கிட்டான். நீங்களும் எல்லாரையும் அங்கேயே அனுப்புறீங்க!"

கைகாட்டிக்குச் சுருக்கென்றது. "அவன் மரத்துல இருக்கிறதை என்னால அழிக்க முடியாது, தாயி. அந்தப் பக்கம் கை நீட்டாம இருக்கலாம். அதுக்கும் ஒவ்வொரு இலைக்கும் தனித்தனியா ஒரு மனு கொடுக்கணும்."

இதோடு சலித்துப் போய்விடும் என்றுதான் கைகாட்டி நினைத்தது. அணிலோ நாற்பது நடை நடந்து நாற்பது மனுவையும் கொடுத்தது.

விசாரணைக்கு வந்த மைனா சிறகை விரித்தது. "எல்லாம் நானே தின்னு பார்த்து எழுதினது!"

கைகாட்டி பதினேழாவது மனுவில் இருந்த வரியை வாசித்தது. "'இந்த இலையைக் கடித்தால் முன்பல் இரண்டு நாள் கூசும்.' உன் மரத்துலயும் இதே வரி இருக்கே. எங்கே தம்பி, வாயைத் திற."

மைனா வாயைத் திறக்காமலே பறந்துவிட்டது. கைகாட்டி தன் கையை அணிலின் மரத்துப் பக்கம் திருப்பியது.

மறுவாரமே அணில் திரும்ப வந்தது. "வேற மரத்துல எழுதிட்டான், அண்ணே."

"மறுபடியும் நாற்பது நடையா?" கைகாட்டிக்கே கால் வலித்தது.

"நாற்பதுதான்" என்றது அணில், வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி. "நாற்பத்தொண்ணாவது இலையை இன்னிக்குக் காலையிலதான் கடிச்சேன். அவன் இன்னும் பார்க்கலை."